விண்மீன்களை நீக்கும் முன் ஒரு தடவை பாருங்கள்: வானத்தைப் படம்பிடிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களே,

நெபுலா, கேலக்ஸி, பால்வீதி என்று இரவெல்லாம் கண்விழித்துப் படம்பிடிக்கிறவர்கள் நீங்கள். பெரிய டெலஸ்கோப்பும் குளிரூட்டிய கேமராவும் வைத்திருப்பவர்கள் உங்களில் உண்டு. முக்காலியில் சாதாரணக் கேமராவை மாட்டி எடுப்பவர்களும், தானே வானத்தைத் தேடிப் பிடிக்கும் சின்ன ஸ்மார்ட் டெலஸ்கோப்பை அண்மையில் வாங்கியவர்களும் உண்டு. எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடல். எழுதுகிற நான், ஒளி மாறும் விண்மீன்களைப் பார்த்து, இன்றைக்கு அது எவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது என்று குறித்து அனுப்புகிற கூட்டத்தைச் சேர்ந்தவன்.

கேட்க வந்தது இதுதான். எடுத்த படத்தை மெருகேற்றத் தொடங்கும் முன், எடுத்த அன்றைக்கே, அதில் நேற்றுவரை இல்லாத விண்மீன் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் சரிபார்த்துவிட்டு உடனே தெரிவியுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் மூலப் பிரேம்களை, அதாவது கேமரா பதிவுசெய்த தனித்தனிப் படங்களை, அழித்துவிடாதீர்கள்.

இதை இவ்வளவு வலியுறுத்தக் காரணம் உண்டு. நம் காலத்தின் முக்கியமான விண்மீன் வெடிப்புகள் சில, அறிவிக்கப்படுவதற்கு முன்பே யாரோ ஒருவரின் படத்தில் விழுந்துவிட்டன. படத்தை எடுத்தவர்தான் அன்று அதைப் பார்க்கவில்லை.

1987 பிப்ரவரி 23-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலக நேரப்படி காலை 7:35-க்கு, ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பூமிக்கடியில் வைத்திருந்த பிரம்மாண்டமான தண்ணீர்த் தொட்டிகளில் சில நொடிகளுக்குள் எதையும் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்களான நியூட்ரினோக்கள் ஒரு கொத்தாகப் பதிவாயின. பால்வீதிக்குப் பக்கத்துச் சிறு கேலக்ஸியான பெரிய மெகல்லன் மேகத்தில், சுமார் 1,68,000 ஒளியாண்டு தொலைவில், ஒரு பெரிய நீல விண்மீனின் மையம் இடிந்து விழுந்ததன் அடையாளம் அது. அந்த நேரத்தில் யாருக்கும் இது தெரியாது. பிறகு பதிவுகளைத் தேடித்தான் கண்டெடுத்தார்கள். அன்று 9:20 வாக்கில் நியூசிலாந்தில் ஆல்பர்ட் ஜோன்ஸ் வழக்கம்போல் அதே பகுதியை டெலஸ்கோப்பில் பார்த்தார். மேக்னிடியூட் என்ற வெளிச்ச அளவில் 7.5-ஐ விட வெளிச்சமாகப் புதிதாக எதுவும் அங்கே இல்லை. 10:38-க்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் மெக்னாட் எடுத்த படத்தில் அது ஏறத்தாழ 6.4 மேக்னிடியூடில் பளிச்சென்று இருக்கிறது. (எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.) ஆனால் அந்தப் படத்தை அவர் அன்று ஆராயவில்லை.

மறுநாள் சிலியின் லாஸ் கம்பனாஸ் ஆய்வகத்தில் இயன் ஷெல்டன், மூன்று மணி நேரம் ஒளிபட வைத்த தட்டைக் காலைவரை தள்ளிப்போடாமல் அப்போதே கழுவிப் பார்த்தார். அதே மேகத்தில் இருக்கும் டாரன்டுலா நெபுலாவுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாத ஒரு புள்ளி. தட்டில் ஏதோ குறை என்று சந்தேகப்பட்டு, வெளியே வந்து அண்ணாந்து பார்த்தார். வானத்திலும் அது இருந்தது. அதே ஆய்வகத்தில் ஆஸ்கர் டுஹால்டே அன்றிரவு அதை வெறுங்கண்ணாலேயே பார்த்திருந்தார், ஆனால் வேலை மும்முரத்தில் யாரிடமும் சொல்லவில்லை. 1604-க்குப் பிறகு வெறுங்கண்ணுக்கு எளிதாகத் தெரிந்த முதல் சூப்பர்நோவா (விண்மீன் தன்னையே அழித்துக்கொள்ளும் வெடிப்பு) உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான்.

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது ஜோன்ஸ் குறித்து வைத்த அந்த ‘ஒன்றுமில்லை’யைத்தான். மையம் இடிந்ததும் நியூட்ரினோக்கள் தடையில்லாமல் வெளியேறிவிடும். ஒளி அப்படி வராது. அதிர்வலை விண்மீனின் உள்ளிருந்து மேற்பரப்புவரை முட்டிமோதி வந்து சேர்ந்த பிறகுதான் வெளியே வெளிச்சம் தெரியும். 7:35-க்கு மையம் இடிந்தது, 9:20-க்கு இன்னும் பெரிதாக வெளிச்சமில்லை, 10:38-க்கு வந்துவிட்டது. இந்த மூன்று குறிப்புகள் சேர்ந்தபோதுதான் அந்த விண்மீன் எவ்வளவு பெரியது, அதிர்வலை எவ்வளவு வேகத்தில் ஓடியது என்ற கணக்குகளுக்கு ஒரு கடிவாளம் கிடைத்தது. மூன்றில் ஒன்று, ஒருவர் எதுவும் காணாமல் திரும்பிய பார்வை.

சரி, அது பிலிம் காலம், இப்போது எல்லாமே கணினியில் உடனுக்குடன் தெரிகிறதே என்பீர்கள். 2014-ஐப் பாருங்கள். ஜனவரி 21 அன்று லண்டனில் ஸ்டீவ் ஃபாஸி மாணவர்களுக்கு டெலஸ்கோப் இயக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். மேகம் திரண்டு வந்ததால் அவசரமாக எம்82 கேலக்ஸியைக் காட்ட, அதில் ஒரு புதிய விண்மீன். எஸ்என் 2014ஜே. வெண்குள்ளன் எனும் சுருங்கிய முதிய விண்மீன் வெடிக்கும் டைப் 1ஏ வகையில் பல பத்தாண்டுகளில் நமக்கு மிக அருகில் வெடித்தவற்றுள் ஒன்று. அது வெடித்து ஏறக்குறைய ஒரு வாரம் ஆகியிருந்தது, வெளிச்சமும் 12 மேக்னிடியூடைத் தாண்டியிருந்தது. எம்82 வட வானத்தில் அதிகம் படம்பிடிக்கப்படும் கேலக்ஸிகளில் ஒன்று என்பது உங்களுக்கே தெரியும். செய்தி வந்த பிறகு தேடினால், அந்த ஒரு வாரத்தில் எடுத்த படங்களில் அது இருந்தது.

2023 மே 19 அன்று ஜப்பானில் கொய்ச்சி இதகாகி எம்101 கேலக்ஸியில் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப் என்ற சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்து அறிவித்தார். அப்போதும் இதே கதைதான். அவர் பார்ப்பதற்குப் பல மணி நேரம் முன்பே, ஏறக்குறைய ஒரு நாள் முன்பிருந்தே, அமெச்சூர்கள் எடுத்த படங்களில் அது மெல்ல ஏறிக்கொண்டிருந்தது. நல்லவேளையாக அந்தப் பிரேம்களை அவர்கள் வைத்திருந்தார்கள். வெடிப்பின் முதல் சில மணி நேரத்தில் ஒளி எப்படி ஏறியது என்பதை அவற்றை வைத்துத்தான் பின்னர் வரைந்தார்கள். ஆனால் அந்த மணி நேரங்களில் நிறமாலை எடுக்க யாராலும் முடியவில்லை. அங்கே ஒன்று நடக்கிறது என்றே யாருக்கும் தெரியாதே.

மணிக்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம்? வெடிப்பதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்த விண்மீன் தன்னைச் சுற்றி வாயுவை உதறியிருக்கும். வெடிப்பின் முதல் வெளிச்சம் அந்த வாயுவைச் சூடேற்றி ஒளிரவைக்கும், நிறமாலையில் ஒல்லியான கோடுகள் தோன்றும். வெடிப்பின் சிதறல் வந்து அந்த வாயுவை விழுங்கியதும் கோடுகள் போய்விடும். சில நாட்கள்தான் ஆயுள், சிலவற்றில் அதுவும் இல்லை. விண்மீன் தன் கடைசிக் காலத்தில் என்ன செய்துகொண்டிருந்தது என்பதற்கு அந்தக் கோடுகளை விட்டால் நேரடிச் சாட்சி அதிகம் இல்லை.

நோவாக்களுக்கும் இதே அவசரம் உண்டு. ஒரு வெண்குள்ள விண்மீன் பக்கத்துத் துணை விண்மீனிடமிருந்து ஹைட்ரஜனை இழுத்துத் தன்மேல் சேர்த்துக்கொண்டே போகும். அடியில் அழுத்தமும் வெப்பமும் எல்லை தாண்டும்போது அந்த அடுக்கு மொத்தமும் அணுக்கரு இணைவில் வெடிக்கும். வெண்குள்ளன் பிழைத்துக்கொள்ளும், மறுபடி சேர்க்கத் தொடங்கும். 2021 ஜூன் 12 அன்று ஹெர்குலிஸ் விண்மீன் கூட்டத்தில், அக்விலா கூட்டத்தின் எல்லையை ஒட்டி, வி1674 ஹெர்குலிஸ் என்ற நோவா வெடித்தது. கண்டுபிடித்தபோது 8.4 மேக்னிடியூட், அன்றைக்கே 6 வரை ஏறியது, அடுத்த ஓரிரு நாட்களில் இரண்டு மேக்னிடியூட் இறங்கிவிட்டது. வார இறுதியில் படத்தைத் திறந்து பார்க்கலாம் என்றிருந்தவருக்கு அந்த உச்சம் கிடைத்திருக்காது.

பால்வீதியில் ஆண்டுக்கு 30-லிருந்து 50 நோவாக்கள் வெடிக்கக்கூடும் என்பது மதிப்பீடு. நாம் கண்டுபிடிப்பது ஏறக்குறைய 10. மீதியில் பெரும்பகுதி தூசிக்குப் பின்னால் மறைந்துவிடுகிறது, சில சூரியனுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கின்றன. ஆனால் சில, படத்தில் விழுந்தும் யாரும் கவனிக்காமல் போகின்றன என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். லகூன் நெபுலாவையும் ட்ரிஃபிடையும் ஒரே பிரேமில் அடக்கி எடுக்கிறீர்களே, நோவாக்கள் அடர்ந்து வெடிக்கிற திசையே அதுதான்.

இனி நீங்கள் செய்யும் மெருகேற்றத்துக்கு வருகிறேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. உங்கள் படங்களின் அழகுக்கு நானும் ரசிகன். ஆனால் ஒவ்வொரு படியும் என்ன செய்கிறது என்று பாருங்கள். நூற்றுக்கணக்கான பிரேம்களை ஸ்டாக் செய்யும்போது, அதாவது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கும்போது, பெரும்பாலான பிரேம்களில் இல்லாத எதையும் மென்பொருள் பிழை என்று கருதி நீக்கிவிடும். இரவின் கடைசிப் பகுதியில் மட்டும் தோன்றிய விண்மீனுக்கும் அதே கதிதான். கேலக்ஸியின் மங்கலான கைகளை வெளிக்கொணர வெளிச்சத்தை இழுத்து நீட்டும்போது மையம் வெள்ளையாக வெந்துபோகும். அங்கே இருக்கும் சூப்பர்நோவாவும் அந்த வெள்ளைக்குள் மறைந்துவிடும். அப்புறம் ஸ்டார்நெட் போன்ற கருவிகள். நெபுலா எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஒரே சொடுக்கில் எல்லா விண்மீன்களையும் துடைத்தெடுக்கிறோம். அதில் எது பழையது, எது இன்று வந்தது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

ஆகவே அந்த வேலைகளையெல்லாம் தொடங்கும் முன், ஒரு பிரேமை மட்டும் எடுத்து, இதே இடத்தை முன்பு நீங்களே எடுத்த படத்தோடு மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். முன்பு எடுக்கவில்லையா, அலாதின் போன்ற இலவசச் செயலியில் பழைய வான ஆய்வுப் படம் கிடைக்கும். சில நிமிட வேலைதான். அளவாக நீட்டிய பிரேமையே பாருங்கள். கேலக்ஸியின் மையத்தை ஒட்டிய பகுதியைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.

இதைச் செய்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2016 செப்டம்பர் 20 அன்று அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் விக்டர் பூஸோ தன் வீட்டு மாடியில் 40 செ.மீ. டெலஸ்கோப்பில் புதுக் கேமரா ஒன்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். இலக்கு என்ஜிசி 613 கேலக்ஸி. நகர வெளிச்சம் படத்தை நிறைத்துவிடக் கூடாது என்று 20 விநாடிப் பிரேம்களாக எடுத்தார். முதல் பிரேம்களில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து எடுத்தவற்றில் ஒரு புள்ளி, அதுவும் பிரேமுக்குப் பிரேம் வெளிச்சம் கூடிக்கொண்டே வந்தது. அதிர்வலை விண்மீனின் மேற்பரப்பை உடைத்து வெளிவரும் அந்தக் கணத்தைச் சாதாரண ஒளியில் அதற்குமுன் யாரும் இவ்வளவு தெளிவாகப் பிடித்ததில்லை. அவர் அன்றே பார்த்தார், அன்றே சொன்னார். ஒரு நாளுக்குள் பெரிய டெலஸ்கோப்புகளும் விண்ணில் இருந்த ஸ்விஃப்ட் செயற்கைக்கோளும் எஸ்என் 2016ஜிகேஜி பக்கம் திரும்பின. அந்தக் காலிப் பிரேம்களையும் தனித்தனியே வைத்திருந்ததால்தான் அந்த ஆய்வு சாத்தியமானது.

இதற்கெல்லாம் இப்போது தானியங்கி ஆய்வுகள் இருக்கின்றனவே, நாங்கள் எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆசாஸ்-எஸ்என், அட்லஸ், இசட்டிஎஃப் ஆகியவை இரவுதோறும் வானத்தை அலசுகின்றன. சிலியில் 8.4 மீட்டர் ஆடியோடு வேரா ரூபின் ஆய்வகம் வந்திருக்கிறது. மங்கலான சூப்பர்நோவாக்களைத் தேடுவதில் அவற்றோடு போட்டி போட வேண்டியதே இல்லை, அதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மங்கலானதைப் பார்க்கக் கட்டிய கண்ணுக்கு வெளிச்சம் ஆகாது. ஆசாஸ்-எஸ்என் கேமராக்களுக்கு 10, 11 மேக்னிடியூட் வாக்கிலேயே நிறைந்துவிடும். ரூபினுக்கு ஏறக்குறைய 16-லேயே வழியத் தொடங்கிவிடும். வெறுங்கண்ணுக்குத் தெரியும் நோவா ஒன்றின் உச்சத்தை அளக்க அந்த 8.4 மீட்டர் ஆடியால் ஆகாது. உங்கள் சின்ன லென்ஸால் ஆகும். 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி 2020 பிப்ரவரியில் 1.6 மேக்னிடியூட்வரை இறங்கியபோது, இரவுக்கு இரவு அதன் கணக்கைப் பெருமளவு எழுதியவர்கள் வெறுங்கண்ணாலும் சிறு கருவிகளாலும் பார்த்தவர்கள்தான்.

மேகம், முழுநிலா, பழுதுபார்ப்பு என்று அந்த ஆய்வுகளுக்கும் இடைவெளிகள் உண்டு. நீங்கள் பல நாடுகளில், பல தீர்க்கரேகைகளில் இருக்கிறீர்கள். எங்கேயோ ஓரிடத்தில் எப்போதும் இரவு.

பொய்த் தகவல் கொடுத்து மானம் போய்விடுமோ என்ற தயக்கம் பலரிடம் இருப்பது எனக்குத் தெரியும். 2018 மார்ச்சில் தொழில்முறை வானியலாளர் ஒருவர் லகூனுக்கும் ட்ரிஃபிடுக்கும் அருகே மிக வெளிச்சமான புதிய பொருள் இருப்பதாக உலகுக்கே அறிவித்தார். அது செவ்வாய்க் கிரகம். சீக்கிரமே திருத்தம் வெளியிட்டார், யாருடைய மதிப்பும் குறைந்துவிடவில்லை. ஆனால் ஒவ்வொரு பொய்யெச்சரிக்கையும் எங்கோ ஒரு டெலஸ்கோப்பின் நேரத்தைத் தின்னும். அதனால் முதலில் இன்னொரு பிரேமில் இருக்கிறதா பாருங்கள். ஒன்றில் மட்டும் இருந்தால் காஸ்மிக் கதிரோ செயற்கைக்கோளின் மினுக்கோதான். டெலஸ்கோப்பைச் சற்றே நகர்த்தி மறுபடி எடுங்கள். கேமராவின் பழுதுப் புள்ளி சென்சாரில் அதே இடத்தில் நிற்கும், லென்ஸுக்குள் நடக்கும் எதிரொளிப்பு வேறெங்கோ தாவும், உண்மையான விண்மீன் மற்ற விண்மீன்களோடு சேர்ந்து நகரும். மைனர் பிளானட் செக்கரில் அந்த இடத்தையும் நேரத்தையும் கொடுத்தால், அங்கே சிறுகோள் எதுவும் கடந்துகொண்டிருக்கிறதா என்று சொல்லிவிடும். ஒளி மாறும் விண்மீன்களின் அட்டவணையான விஎஸ்எக்ஸ்-இலும் தேடுங்கள். நோவா என்று நினைத்தது, ஆண்டுக்கொரு முறை உச்சத்துக்கு வரும் ஏதாவது மைரா வகை விண்மீனாக இருக்கலாம். இவை எல்லாவற்றையும் தாண்டி நின்றால் தயங்காதீர்கள். சூப்பர்நோவாவுக்கு டிரான்சியன்ட் நேம் சர்வர் இருக்கிறது. பால்வீதி நோவாவுக்கு, வானியல் கண்டுபிடிப்புகளை அறிவிக்கும் மைய அலுவலகமான சிபிஏடி நடத்தும் உறுதிப்படுத்தும் பக்கமும், அமெரிக்க ஒளிமாறு விண்மீன் சங்கமான ஏஏவிஎஸ்ஓ-வும் இருக்கின்றன.

டிரான்சியன்ட் நேம் சர்வரின் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. இந்தப் பொருள் கடைசியாக எப்போது தென்படவில்லை, அந்தப் படத்தில் எவ்வளவு மங்கலானதுவரை தெரிந்தது என்று கேட்கும். வெடித்த நேரத்தை இருபுறமும் நெருக்கிப் பிடிப்பது அந்தக் கட்டம்தான். நீங்கள் போன வாரம் எடுத்து, ஒன்றுமில்லை என்று அழித்துவிட்ட பிரேம் அங்கே எழுத வேண்டிய விடையாக இருந்திருக்கலாம்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மடிக்கணினியின் கடிகாரம் இணையத்தோடு ஒத்திசைந்திருக்கிறதா என்று படம் எடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வானியல் படங்களைச் சேமிக்கும் ஃபிட்ஸ் கோப்பின் தலைப்பில் விழுவது உலக நேரமா உள்ளூர் நேரமா என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஸ்மார்ட் டெலஸ்கோப் வைத்திருப்பவர்கள் அமைப்புகளுக்குள் போய், தனிப் பிரேம்களைச் சேமிக்கும் வசதியை இயக்கிவிடுங்கள். சிலவற்றில் அது ஆரம்பத்தில் அணைந்தே இருக்கும், கடைசியில் மிஞ்சுவது ஒரே ஒரு ஸ்டாக் படம்தான். அந்தக் கருவிகளைச் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அதை இயங்கும் நிலையிலேயே விற்பனைக்கு அனுப்புங்கள்.

இதுவரை கண்டுபிடிப்பதைப் பற்றியே பேசினேன். எனக்கு அதைவிட நெருக்கமானது, கண்டுபிடித்ததைத் தொடர்ந்து பார்ப்பது. அதில் பெயரும் புகழும் குறைவு. ஆனால் கண்டுபிடிப்பாளர் யார் என்று மறந்துபோன பிறகும் அந்தக் கணக்கு பயன்படுகிறது.

சிக்னஸ் விண்மீன் கூட்டத்தில் எஸ்எஸ் சிக்னி என்று ஒரு குறுநோவா. 1896-இல் ஹார்வர்டில் லூயிசா வெல்ஸ் கண்டுபிடித்தது. சாதாரணமாக 12 மேக்னிடியூடில் கிடக்கும், சில வாரங்களுக்கு ஒருமுறை ஓரிரு நாளில் 8 வரை ஏறும், பிறகு இறங்கும். இங்கே அணுக்கரு இணைவு இல்லை. வெண்குள்ளனைச் சுற்றிச் சேரும் வாயுத்தட்டு நிலைகுலைந்து, தேங்கியிருந்ததெல்லாம் ஒரேயடியாக உள்ளே சரிவதால் வரும் வெளிச்சம் இது என்பது கோட்பாடு. ஹப்பிள் டெலஸ்கோப் அளந்தபோது தொலைவு 500 ஒளியாண்டுக்கும் மேல் என்று வந்தது. அவ்வளவு தூரத்தில் இருந்தால் இந்த வெளிச்சம் அந்தக் கோட்பாட்டுக்குள் அடங்காது. பல ஆண்டுகள் இது ஒரு முள்ளாகவே இருந்தது. ரேடியோ டெலஸ்கோப்புகளால் தொலைவை நேரடியாக அளக்கலாம், ஆனால் வெடிப்பு நேரத்தில் மட்டும்தான் அது ரேடியோவில் தெரியும். எப்போது வெடிக்கும் என்று யார் சொல்வது? ஏஏவிஎஸ்ஓ பார்வையாளர்கள் சொன்னார்கள். ஏறத் தொடங்கியதும் தகவல் போகும், ரேடியோ டெலஸ்கோப்புகள் திரும்பும். 2013-இல் வெளியான முடிவு: சுமார் 370 ஒளியாண்டு. கோட்பாடு தப்பித்தது, பின்னர் விண்மீன்களின் தொலைவை அளக்கும் கையா விண்கலமும் அதையே உறுதிசெய்தது.

ஹப்பிள் சம்பந்தப்பட்ட இன்னொன்றும் உண்டு. அதில் இருக்கும் ஒரு புறஊதாக் கருவி அளவுக்கு மீறிய வெளிச்சத்தில் கெட்டுப்போகக்கூடியது. 2012, 2013 வாக்கில் சுமார் 40 வெண்குள்ள இரட்டைகளை அதில் பார்க்கத் திட்டமிட்டபோது, ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் வெடிப்பில் இல்லை என்று யாராவது தரையிலிருந்து உறுதி சொல்ல வேண்டியிருந்தது. சொன்னவர்கள் அமெச்சூர்கள். அவர்கள் அனுப்பிய ‘இன்றிரவு அமைதியாக இருக்கிறது’ என்ற தகவலை நம்பித்தான் அந்தக் கருவி அந்தப் பக்கம் திரும்பியது. 2021 ஆகஸ்டில், மீண்டும் மீண்டும் வெடிக்கும் நோவாவான ஆர்எஸ் ஓபியூகி மறுபடி வெடித்தபோது முதலில் கவனித்தவர்களும் அமெச்சூர்கள்தான். மறுநாள் இரவே நமீபியாவில் இருக்கும், காமாக் கதிர்களைப் பார்க்கும் ஹெஸ் டெலஸ்கோப்புகள் திரும்பின. ஒரு நோவாவிலிருந்து அவ்வளவு உயர் ஆற்றல் காமாக் கதிர்கள் வருவதை மனிதர் கண்டது அதுவே முதல் முறை.

பொறுமை வேண்டும், அது உண்மை. கொரோனா போரியாலிஸ் விண்மீன் கூட்டத்தில் டி என்ற விண்மீன் 1866-இலும் 1946-இலும் வெடித்தது. 10 மேக்னிடியூடில் கிடந்தது 2 வரை ஏறி, ஒரு வாரத்துக்குள் மறுபடி வெறுங்கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அமெரிக்காவின் லெஸ்லி பெல்டியர், வாழ்நாளில் 1,32,000-க்கும் மேற்பட்ட அளவீடுகளை அனுப்பியவர், அந்த விண்மீனைக் கால் நூற்றாண்டு காத்திருந்து பார்த்தவர். 1946 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை எழுந்தவர், ஜலதோஷம் பிடிக்கிறாற்போல் இருக்கிறதே என்று திரும்பப் படுத்துவிட்டார். அன்றுதான் அது வெடித்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அவர் ஒருவர்தான் அதை அப்படிக் காத்தார் என்பதுதான் வருத்தம். ஒரு விண்மீனை ஒருவர் தோளில் மட்டும் ஏற்றக் கூடாது.

படத்திலிருந்து வெளிச்சத்தை அளப்பது கடினமான வித்தை இல்லை. நீட்டாத, மெருகேற்றாத, டார்க், ஃபிளாட் படங்களால் கேமரா, லென்ஸ் குறைகளைச் சரிசெய்த பிரேமில் உங்கள் விண்மீனின் ஒளியைப் பக்கத்திலிருக்கும் தெரிந்த விண்மீன்களின் ஒளியோடு ஒப்பிடுவதுதான். சிரில் போன்ற இலவச மென்பொருளே போதும். சாதாரணக் கேமராவாக இருந்தால் பச்சைப் புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்து அளங்கள், கண்ணால் காணும் வெளிச்சத்துக்கு அது நெருக்கமாக வரும். ஒப்பீட்டு விண்மீன்களை ஏஏவிஎஸ்ஓ வரைபடம் தரும். அதில் 67, 73 என்று எண்கள் இருக்கும், பொருள் 6.7, 7.3. நடுவே புள்ளி வைத்தால் அதையும் விண்மீன் என்று யாராவது நினைத்துவிடலாம் என்பதால் புள்ளி போடுவதில்லை.

கேமரா ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒரு பைனாகுலரை எடுத்துக் கண்ணாலும் மதிப்பிட்டுப் பாருங்கள். உங்கள் விண்மீன் 67-க்கும் 73-க்கும் சரிபாதியில் இருப்பதாகத் தோன்றினால் 7.0 என்று எழுதலாம். சிவப்பு விண்மீனை மட்டும் வெறித்துப் பார்க்காதீர்கள். பார்க்கப் பார்க்க அது வெளிச்சமாவது போல் கண் ஏமாற்றும். சட்டென்று பார்த்து சட்டென்று விலக வேண்டும். ஆஸ்திரேலியாவில் ராபர்ட் எவன்ஸ் கேலக்ஸிகளின் தோற்றத்தை மனப்பாடமாக வைத்துக்கொண்டு, கண்ணாலேயே 40-க்கும் மேற்பட்ட சூப்பர்நோவாக்களைக் கண்டுபிடித்தார். வங்கத்தின் ஜெஸ்ஸோரில் கருவூல ஊழியராக இருந்த ராதா கோபிந்த சந்திரா, அலுவலக வேலைக்குப் பிறகான இரவுகளில் 37,000-க்கும் மேற்பட்ட அளவீடுகளை ஏஏவிஎஸ்ஓ-வுக்கு அனுப்பினார். அந்தச் சங்கத்தின் களஞ்சியத்தில் இன்று 5 கோடிக்கும் மேற்பட்ட அளவீடுகள் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

நூறு விண்மீன்களைப் பார்க்கச் சொல்லவில்லை. நீங்கள் அடிக்கடி குறிவைக்கும் இடங்களுக்கு அருகிலேயே இரண்டு மூன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். குறுநோவா ஒன்று, மீண்டும் வெடிக்கும் நோவா ஒன்று இருந்தால் நல்லது. ஒவ்வொரு முறை டெலஸ்கோப்பை வெளியே கொண்டுவரும்போதும் முதலில் அவற்றைச் சில பிரேம்கள் எடுத்துவிட்டு, அப்புறம் உங்கள் நெபுலாவுக்குப் போங்கள். சங்கம் நடத்துகிறவர்கள் உறுப்பினர்களுக்கிடையே விண்மீன்களைப் பிரித்துக்கொடுத்தால், ஒருவர் ஊரில் மேகம் மூடினாலும் இன்னொருவர் கைகொடுப்பார்.

கடைசியாக, உங்கள் பழைய வன்தட்டுகள். 2023 மே 18, 19 இரவுகளில் எம்101-ஐயோ, 2014 ஜனவரி நடுவில் எம்82-ஐயோ, 2021 ஜூன் 12 அன்று அக்விலா பக்கம் பால்வீதியையோ எடுத்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். மூலப் பிரேம்கள் இருந்தால் திறந்து பாருங்கள், நேரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொண்டு அளந்து அனுப்புங்கள். பழைய தேதி என்பதற்காக ஏஏவிஎஸ்ஓ களஞ்சியம் எதையும் மறுப்பதில்லை. அளக்கத் தெரியவில்லை என்றால், புதியவர்களுக்குக் கற்றுத்தர அந்தச் சங்கத்திலேயே மூத்த பார்வையாளர்கள் இருக்கிறார்கள். எங்களைப் போன்றவர்களைக் கேட்டாலும் உட்கார்ந்து சொல்லித்தருவோம்.

அன்புடன்,
ஒளி மாறும் விண்மீன்களின் கணக்கெழுதும் ஒருவன்